எடுத்த ஸ்கேனையே ஏன் மறுபடி எடுக்கிறார்கள்?

கேள்வி இது: "அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். எம்.ஆர்.ஐ., பெட் சி.டி. இரண்டும் எடுத்தாகிவிட்டது. இப்போது கரண்ட் வைப்பதற்கு முன்னால் இன்னொரு சி.டி. எடுக்க வேண்டும் என்கிறார்கள். சிகிச்சை தொடங்கிய பின் தினமும் அந்த மெஷினிலேயே ஸ்கேன் எடுப்பார்களாம். கடைசியில் உள்ளே வைக்கும் கரண்டுக்கு மறுபடி எம்.ஆர்.ஐ.யாம். இதெல்லாம் தேவைதானா, இல்லை பில் ஏற்றும் வேலையா? இத்தனை ஸ்கேன் எடுத்தால் அம்மா உடம்பு என்னாவது?"

சந்தேகம் வருவது நியாயம்தான். ஒரே பெயரில் நாலு தடவை பில் வந்தால் எனக்கும் வரும். நான் கதிர் சிகிச்சைப் பிரிவில் மருத்துவ இயற்பியலாளராக வேலை பார்ப்பவன், டாக்டர் அல்ல. டாக்டர் எழுதிக் கொடுக்கும் கதிர், அவர் சொன்ன இடத்துக்கு, சொன்ன அளவில் போய்ச் சேருகிறதா என்று கணக்குப் போட்டுச் சரிபார்ப்பது என் வேலை. அதனால் உங்கள் அம்மாவுக்கு எந்தச் சிகிச்சை சரி என்று சொல்லப் போவதில்லை. இத்தனை ஸ்கேன் எதற்கு என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் சுருக்கமாக: அவை ஒரே ஸ்கேன் இல்லை, பெயர்தான் ஒன்று. நோய் என்ன, எதுவரை பரவியிருக்கிறது என்று பார்க்க எடுத்தவை முதல் படங்கள். இப்போது கேட்கும் சி.டி., தையல்காரர் அளவெடுப்பதைப் போல அம்மாவின் உடம்பை அளந்துகொள்வதற்கு. தினமும் எடுப்பது, அளவெடுத்த அன்று இருந்தபடியே இன்றும் உள்ளே எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. கடைசி எம்.ஆர்.ஐ. எதற்கென்றால், ஐந்து வாரத்தில் கட்டி ஆளே மாறிப்போயிருக்கும்.

இனி கொஞ்சம் விரிவாக.

'கரண்ட் வைக்கிறார்கள்' என்று நாம் சொன்னாலும் மின்சாரம் எதுவும் உடம்புக்குள் போவதில்லை. போவது எக்ஸ்ரே, நெஞ்சுக்குப் படம் எடுக்கும் எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு ஆற்றல் கூடியது. அது கட்டியைத் தேடிப்போய் அடிப்பதில்லை. நேர்கோட்டில் நுழைந்து, வழியில் இருப்பதையெல்லாம் தொட்டுக்கொண்டு மறுபக்கம் வெளியேறிவிடும். சிறுநீர்ப்பை எது, குடல் எது, கட்டி எது என்று அதற்குத் தெரியாது. பல திசைகளிலிருந்து செலுத்தி, எல்லாக் கதிர்களும் வந்து கூடுகிற இடத்தில் கட்டி இருக்கும்படி நாங்கள்தான் அமைக்கிறோம். அந்த இடம் எது என்பதைப் படம் சொன்னால்தான் உண்டு. தப்பான இடத்தில் துல்லியமாகக் கதிர் வைப்பதைப் போல ஆபத்தான வேலை வேறில்லை.

இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும். சி.டி. ஸ்கேன் நோயைக் கண்டுபிடிக்க வந்த கருவி, அதைக் கதிர் சிகிச்சைக்காரர்கள் பிற்பாடு கடன் வாங்கிக்கொண்டார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. 1955இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் குரூட் ஷூர் மருத்துவமனையின் இயற்பியலாளர் வேலையை விட்டுப் போனார். மருத்துவமனையில் கதிரியக்கப் பொருள்களைக் கையாளும்போது தகுதியுள்ள இயற்பியலாளர் ஒருவர் மேற்பார்வை பார்க்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். வேறு ஆள் இல்லாததால் கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த ஆலன் கார்மாக்கை வாரத்துக்கு ஒன்றரை நாள் வந்து பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். 1956இன் முதல் பாதியில் அவர் அந்த வேலையைப் பார்த்தார்.

அங்கே கதிர் சிகிச்சைக்குத் திட்டம் போடுவதை அவர் கவனித்தார். கதிர் எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு குறையும் என்று வரைந்த தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். அந்தத் தாள்களோ, உடம்பு முழுக்க ஒரே சீரான பொருள் என்று வைத்துக்கொண்டு வரைந்தவை. உடம்பு அப்படியா இருக்கிறது? எலும்பு இருக்கிறது, காற்று நிரம்பிய நுரையீரல் இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது. ஒவ்வொன்றும் கதிரை ஒவ்வொரு அளவில் விழுங்கும். உள்ளே எந்தப் புள்ளி எவ்வளவு விழுங்குகிறது என்பதை வெளியிலிருந்தே அளக்க முடியுமா என்று யோசித்தார் கார்மாக். மரத்துக்குள் அலுமினிய உருளை ஒன்றைப் பொதிந்து வைத்து, கோபால்ட் கதிரைச் செலுத்திச் சோதித்தார். கணக்கு வழியை 1963இலும் 1964இலும் கட்டுரைகளாக வெளியிட்டார். கண்டுகொள்ள ஆளில்லை. கட்டுரைப் பிரதி கேட்டு வந்த கடிதங்களில் சுவாரஸ்யமானது சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு மையத்திலிருந்து வந்தது! பனிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியவர்களுக்கு அது உறைத்திருக்கிறது.

இதெல்லாம் தெரியாமலே இங்கிலாந்தில் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு வேறு வழியில் இயந்திரத்தையே செய்துவிட்டார். 1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளிக்கு மூளை ஸ்கேன் எடுத்தார்கள். 1979இல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு. ஆக, சி.டி.க்குப் பின்னால் உள்ள கணக்கின் ஒரு வேர், கதிர் சிகிச்சையில் எழுந்த கேள்வியிலேயே இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு இப்போது எடுக்கப் போகும் சி.டி. கார்மாக் கேட்ட அதே கேள்விக்குப் பதில் தேடுகிற சி.டி.

எப்படி என்றால், சி.டி. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண். தண்ணீருக்கு 0, காற்றுக்குக் கழித்தல் 1000, கொழுப்புக்குக் கழித்தல் 100ஐ ஒட்டி, கெட்டி எலும்புக்கு 1000ஐத் தொடும். இந்த எண்ணைக் கொண்டு அந்த இடத்தின் அடர்த்தியைக் கண்டுபிடித்து, கதிர் அங்கே எவ்வளவு தங்கும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். எம்.ஆர்.ஐ. எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இந்த எண் அதில் நேரடியாகக் கிடைக்காது. பார்ப்பதற்கு எம்.ஆர்.ஐ., அளப்பதற்கு சி.டி. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'பெட் சி.டி.யிலேயே ஒரு சி.டி. இருக்கிறதே, அதைப் பயன்படுத்தினால் என்ன?' என்று அடுத்துக் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நோய் பார்க்கும் ஸ்கேனர்களின் படுக்கை பெரும்பாலும் தொட்டில் மாதிரி வளைந்திருக்கும். சிகிச்சை மெஷினின் மேஜை தட்டை. வளைந்த படுக்கையில் படுத்தால் இடுப்பு ஒரு விதமாகத் திரும்பும், தட்டை மேஜையில் வேறு விதமாக. ஆகவே அளவெடுக்கும் இந்த சி.டி.யை, அதாவது பிளானிங் சி.டி.யைத் தட்டை மேஜையில், கால் முட்டிக்கு அடியில் அதே தாங்கி வைத்து, கையை அதே இடத்தில் வைத்து எடுக்க வேண்டும். சுவரிலிருந்து வரும் லேசர் கோடுகள் உடம்பில் விழும் இடங்களில் குறி வைப்பார்கள்; சில இடங்களில் மையால், சில இடங்களில் கடுகளவு பச்சை குத்தி. அந்தக் குறிகள் மேல் எக்ஸ்ரேயில் தெரியும் குட்டிக் குண்டுகளை ஒட்டிப் படம் எடுப்பார்கள். அப்போதுதான் கம்ப்யூட்டரில் இருக்கும் உடம்பும் மேஜையில் படுத்திருக்கும் உடம்பும் ஒரே ஆளாகும். வேறு மாதிரிப் படுத்து எடுத்த படத்தில் இது நடக்காது.

அதற்காக முன்பு எடுத்த எம்.ஆர்.ஐ.யும் பெட்டும் வீணாகிவிடவில்லை. பிளானிங் சி.டி.யின் மேல் அவற்றைப் பொருத்தி, டாக்டர் ஒவ்வொரு சில்லாக (உடம்பைக் குறுக்கே நறுக்கியது போன்ற ஒவ்வொரு படமாக) கட்டியின் எல்லையை வரைவார். 3 மி.மீ.க்கு ஒரு சில்லு என்றால் இடுப்புக்கு மட்டும் நூறு படத்துக்கு மேல் வரும். சி.டி.யில் கர்ப்பப்பை வாயும் கட்டியும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறம். எம்.ஆர்.ஐ.யில் கர்ப்பப்பை வாயின் சுவர் கறுப்பாகவும் கட்டி வெளுப்பாகவும் தெரியும். கறுப்பு வளையம் எங்கே உடைந்திருக்கிறதோ அங்கே நோய் பக்கத்துக்குப் பரவியிருக்கிறது என்று அர்த்தம். பெட் ஸ்கேனில் கதிரியக்க ஃபுளோரின் ஒட்டிய சர்க்கரையை ஊசியில் ஏற்றுகிறார்கள். பசியோடு சர்க்கரையை விழுங்கும் செல்கள் ஒளிரும். நிணநீர் முடிச்சுகளில் நோய் இருக்கிறதா, முதுகெலும்பை ஒட்டி மேலே ஏறியிருக்கிறதா என்று பார்க்க இது நல்ல கருவி. ஏறியிருந்தால் கதிர் வைக்கும் பரப்பே மேலே நீளும். ஆனால் அந்தச் சர்க்கரை மருந்து சிறுநீரில் வெளியேறுவதால் சிறுநீர்ப்பையும் விளக்குப் போட்ட மாதிரி ஒளிரும், அதுவும் கர்ப்பப்பை வாய்க்குப் பக்கத்திலேயே! எந்த ஒரு ஸ்கேனும் தனியாகப் போதாது என்பதற்கு இந்த ஒரு விஷயமே சாட்சி.

இந்த நோயில் படங்களுக்கு மதிப்பு வந்ததே சமீபத்தில்தான். மிக நீண்ட காலம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் நிலையைப் பெரும்பாலும் டாக்டர் கையால் பரிசோதித்துத்தான் குறித்தார்கள். உலகத்தின் பெரும்பகுதியில் ஸ்கேன் வசதி இல்லாததால் அப்படி ஒரு பொது விதி. ஃபீகோ என்னும் பன்னாட்டு மகளிர் மருத்துவக் கூட்டமைப்பு 2018இல்தான் ஸ்கேனில் தெரிவதையும் சேர்த்து நிலையைக் குறிக்கலாம் என்று மாற்றியது. சிகிச்சைப் பரப்பும் அப்படித்தான் இருந்தது. எக்ஸ்ரே படத்தில் தெரியும் இடுப்பெலும்புகளை அடையாளமாக வைத்து ஒரு சதுரப் பெட்டி வரைந்து, நாலு பக்கத்திலிருந்தும் கதிர் வைத்தார்கள். பெட்டிக்குள் குடல், சிறுநீர்ப்பை, மலக்குடல், எலும்பு மஜ்ஜை எல்லாம் கதிர் வாங்கின. கட்டியின் ஒரு பகுதியே பெட்டிக்கு வெளியே நின்றுவிட்டதும் உண்டு. எலும்பைப் பார்த்துக் கட்டியை ஊகித்த காலம் அது.

வரைவதைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணுக்குத் தெரியும் கட்டி ஒரு கோடு. படத்தில் தெரியாமல் நுண்ணிய அளவில் பரவியிருக்கலாம் என்று டாக்டர் கணிக்கும் பகுதியையும் சேர்த்தால் இரண்டாவது கோடு. தினமும் படுப்பதில் வரும் சிறு வித்தியாசத்துக்காகச் சுற்றிலும் விடும் ஓரம் மூன்றாவது கோடு. 1993இல் வந்த பன்னாட்டு அறிக்கை ஒன்று இப்படிப் பிரித்து வைத்தது. இன்றும் அதுதான் எங்கள் மொழி. இரண்டாவது கோடு வெறும் படத்தால் வருவதில்லை, அனுபவத்தால் வருகிறது. ஒரே நோயாளியின் படத்தை நாலு டாக்டர்களிடம் கொடுத்தால் நாலு விதமாக வரைவார்கள். மி.மீ. கணக்கில் சுடும் மெஷினை வைத்துக்கொண்டு, கோட்டில் சென்டிமீட்டர் கணக்கில் வித்தியாசம் இருந்தால் என்ன பயன்? இந்தத் துறையின் பலவீனமான கண்ணி எது என்று என்னைக் கேட்டால் மெஷினைச் சொல்ல மாட்டேன், இந்தக் கோட்டைத்தான் சொல்வேன். இப்போது செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் சிறுநீர்ப்பை, மலக்குடல், தொடை எலும்பு போன்றவற்றை நிமிடங்களில் வரைந்துவிடுகின்றன. திருத்துகிற வேலை மட்டும் மிச்சம். கட்டியை மட்டும் ஒரு மனிதர் உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும்.

மூன்றாவது கோட்டிலிருந்துதான் உங்கள் அடுத்த கேள்வி பிறக்கிறது. தினமும் எதற்கு?

வெளியிலிருந்து வைக்கும் கதிர் வழக்கமாக 25 நாள், ஒரு நாளைக்கு 1.8 அல்லது 2 கிரே (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு). அந்த 25 நாளும் அம்மாவின் எலும்பு ஒரே இடத்தில் இருக்கும், கர்ப்பப்பை இருக்காது. சிறுநீர்ப்பை நிரம்பினால் கர்ப்பப்பை மேலே தள்ளப்படும், காலியானால் முன்னால் சாயும். சிலருக்கு இந்த நகர்வே சில சென்டிமீட்டர் இருக்கும். மலக்குடலில் வாயு இருந்தால் அது ஒரு பக்கம் நெட்டித் தள்ளும். இதற்காகத்தான் பிளானிங் அன்றே சிறுநீர்ப்பை நிரம்பியபோது ஒன்று, காலியாக இருக்கும்போது ஒன்று என்று இரண்டு சி.டி. எடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. கட்டி எந்த எல்லைக்குள் ஆடுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான். பில்லில் இரண்டு என்று பார்த்துப் பதறாதீர்கள்.

முன்பெல்லாம் சிகிச்சைக் கதிரையே கொண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஃபிலிமில் படம் எடுப்பார்கள். அந்த ஆற்றலில் எலும்பும் சதையும் கதிரைக் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தடுக்கும். பனிமூட்டத்தில் எடுத்த போட்டோ மாதிரி வெளிறிப்போன படம் வரும். எலும்பே மங்கல், கட்டியை எங்கே பார்ப்பது? அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் போமான்ட் மருத்துவமனையில் டேவிட் ஜாஃப்ரேயும் கூட இருந்தவர்களும் சிகிச்சை மெஷினின் பக்கவாட்டிலேயே ஒரு சாதாரண எக்ஸ்ரே குழாயையும் எதிரே ஒரு தட்டைத் திரையையும் பொருத்தி, மெஷின் ஒரு சுற்றுச் சுற்றும்போதே முப்பரிமாணப் படம் எடுக்கும் வழியை 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். கோன் பீம் சி.டி. என்பது இதுதான். லீனாக் என்று நாங்கள் சொல்லும் இன்றைய சிகிச்சை மெஷின்களில் இரு பக்கமும் கை நீட்டி நிற்பது போலத் தெரியும் பாகங்கள் அவைதான். ஒரு நிமிடத்தை ஒட்டிய வேலை. எடுத்த படத்தைப் பிளானிங் சி.டி.யோடு பொருத்திப் பார்த்து, மேஜையை மி.மீ. கணக்கில் நகர்த்துவார்கள். அப்புறம்தான் கதிர்.

போன மாதம் ஓர் அம்மா. பதினோராவது நாள். படத்தில் மலக்குடல் பலூன் மாதிரி உப்பியிருக்கிறது, கர்ப்பப்பை வாய் முன்னால் தள்ளிக்கிடக்கிறது. இறக்கிவிட்டு, "கொஞ்சம் நடந்துவிட்டு, கழிவறை போய்விட்டு வாங்கம்மா" என்றோம். ஒரு மணி நேரம் காக்க வைத்ததில் அவருக்கு எங்கள் மேல் ஒரே கோபம். இரண்டாவது படத்தில் எல்லாம் சரியாக இருந்தது. முதல் படத்தைப் பார்க்காமலே கதிர் வைத்திருந்தால்? அன்றைய பங்கில் ஒரு பகுதி கட்டிக்குப் போகாமல் மலக்குடலுக்குப் போயிருக்கும். யாருக்கும் தெரிந்துகூட இருக்காது.

இதனால் நோயாளிக்கு உண்மையில் என்ன லாபம் என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. மும்பை டாடா மெமோரியல் மையத்தில், அறுவை சிகிச்சைக்குப் பின் கதிர் தேவைப்பட்ட கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயாளிகள் 300 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குப் பழைய முப்பரிமாண முறை. மற்ற பிரிவுக்குப் படம் பார்த்து, குடலைத் தவிர்க்கும்படி கதிரை வடிவமைத்து வைக்கும் முறை. 3 ஆண்டுகளில் ஓரளவு அல்லது அதற்கு மேலான குடல் தொந்தரவு பழைய முறையில் 42.4 சதவீதம் பேருக்கும், புதிய முறையில் 21.1 சதவீதம் பேருக்கும் வந்தது. 2021இல் வெளியான முடிவு. ஆபரேஷன் ஆனவர்களிடம் செய்த ஆய்வு என்பதை மறக்கக் கூடாது. உங்கள் அம்மாவுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் பாதியாகக் குறைந்த வயிற்றுப்போக்கும் வயிற்றுவலியும் சின்ன விஷயம் இல்லை.

ஸ்கேன் கதிரே உடம்பைக் கெடுக்காதா? எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கிடையாது, காந்தமும் ரேடியோ அலையும்தான். மெஷினில் தினமும் எடுக்கும் படத்தில் கதிர் உண்டு. இடுப்புக்கு ஒரு தடவை எடுத்தால் அன்றைய சிகிச்சைக் கதிரில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு வரும். சும்மா கொடுக்கக் கூடிய அளவு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக, மற்ற 99 பங்கு சரியான இடத்துக்குப் போவது உறுதியாகிறது. குழந்தைகளுக்கு என்றால் இந்தக் கணக்கை இன்னும் இறுக்கமாகப் போட்டு, படத்தின் கதிரைக் குறைப்போம். உங்கள் அம்மா விஷயத்தில் இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது உள்ளே வைக்கும் கரண்டுக்கு வருவோம். என் பார்வையில் உங்கள் அம்மாவின் சிகிச்சையில் மிக முக்கியமான கட்டம் இதுதான். படத்துக்கு மதிப்பு கூடுதல் இருப்பதும் இங்கேதான். கர்ப்பப்பைக்குள் மெல்லிய குழாயையும் கர்ப்பப்பை வாயை ஒட்டி இரண்டு சிறு பாகங்களையும் வைத்து, அதன் வழியாக அரிசி மணி அளவுள்ள இரிடியம் துணுக்கை மெஷின் அனுப்பும். துணுக்கு எந்த இடத்தில் எத்தனை நொடி நிற்க வேண்டும் என்று நாங்கள் கணக்குப் போட்டுக் கொடுப்போம். பக்கத்தில் இருப்பதற்கு ஏராளமான கதிர், இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் போனால் மளமளவென்று குறைந்துவிடும். அதனால்தான் வெளியிலிருந்து ஒருபோதும் கொடுக்க முடியாத அளவை இங்கே கொடுக்கலாம். அதே காரணத்தால், ஒரு சென்டிமீட்டர் தப்பினால் சிகிச்சையே தப்பிவிடும்.

1938இல் மான்செஸ்டரில் ஒரு புள்ளியை நிர்ணயித்தார்கள்: கர்ப்பப்பை வாயிலிருந்து 2 செ.மீ. மேலே, நடுக்கோட்டிலிருந்து 2 செ.மீ. பக்கவாட்டில். 'பாயின்ட் ஏ' என்று பெயர். உலகம் முழுக்க எழுபது ஆண்டுக்கு மேல் இந்தப் புள்ளிக்குத்தான் கதிர் எழுதினார்கள். குட்டிக் கட்டிக்கும் அதே புள்ளி, பக்கவாட்டில் பரவிய பெரிய கட்டிக்கும் அதே புள்ளி. கட்டியைப் பார்க்கவே வழியில்லாத காலத்தில் அது அருமையான ஏற்பாடு. பழிக்க மாட்டேன், லட்சக்கணக்கான பெண்கள் அதனால் பிழைத்தார்கள். ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவில் சட்டை தைத்த கதைதான். சிறிய கட்டிக்காரர்களுக்குச் சிறுநீர்ப்பையும் மலக்குடலும் வீணாக வாங்கின. பெரிய கட்டிக்காரர்களுக்கு ஓரம் விட்டுப்போனது, நோய் திரும்பியது.

ஐரோப்பாவில் வியன்னா போன்ற இடங்களில் குழாயை வைத்துவிட்டு எம்.ஆர்.ஐ. எடுத்து, கட்டியைப் பார்த்தே கதிரை வடிவமைக்கத் தொடங்கினார்கள். 2005இல் இதற்கான பரிந்துரைகள் வந்தன. பிறகு எம்பிரேஸ் என்ற பெரிய பன்னாட்டு ஆய்வு. அதன் முடிவு 2021இல் வந்தது. தூரத்து உறுப்புகளுக்கு நோய் பரவாத, ஆனால் முற்றிய நிலையில் இருந்தவர்களும் சேர்ந்த அந்தக் கூட்டத்தில், 5 ஆண்டு முடிவில் 92 சதவீதம் பேருக்குக் கர்ப்பப்பை வாயில் நோய் அடங்கியே இருந்தது. முதல் தடவை அந்த எண்ணைப் பார்த்தபோது திரும்ப ஒருமுறை படித்தேன்.

மறுபடி எம்.ஆர்.ஐ. ஏன் என்பதற்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. ஐந்து வார வெளிக் கதிரிலும் வாராந்திர கீமோவிலும் 6 செ.மீ. கட்டி 2 செ.மீ.க்குச் சுருங்கியிருக்கலாம், அல்லது ஒரு பக்கம் மட்டும் பிடிவாதமாக நிற்கலாம். அதுவும் போக, குழாயை உள்ளே வைத்ததும் உறுப்புகள் எல்லாம் இடம் மாறும். சிகிச்சைக்கு முந்தைய எம்.ஆர்.ஐ. அப்போது பழைய ஊர் வரைபடம்தான். புதிய படத்தில் மிச்சக் கட்டிக்கும் முழுக் கர்ப்பப்பை வாய்க்கும் மொத்தமாக 85 கிரேக்குச் சமமான அளவு சேர வேண்டும் என்று பார்ப்போம். சிறுநீர்ப்பையிலும் மலக்குடலிலும் அதிகம் வாங்கும் 2 கன சென்டிமீட்டர் எவ்வளவு வாங்குகிறது என்று தனித்தனியாக எண்ணிப் பார்ப்போம். 2 கன சென்டிமீட்டர் என்பது அரை டீஸ்பூனுக்கும் குறைவு. அவ்வளவு நுணுக்கமான பேச்சு, படம் இல்லாமல் சாத்தியமே இல்லை.

எல்லா ஊரிலும் ஒவ்வொரு தடவையும் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாது. முதல் தடவை மட்டும் எம்.ஆர்.ஐ., மற்ற தடவைகளுக்கு சி.டி. என்பது நம் நாட்டில் பலரும் கடைப்பிடிக்கும் நடுவழி, நல்ல வழிதான். குழாய் சரியான இடத்தில் போகிறதா என்று பார்க்க அல்ட்ராசவுண்டும் மலிவான, கைக்கு அடக்கமான துணை. உங்களிடம் கேட்கும் எம்.ஆர்.ஐ. ஒரே ஒரு தடவைக்கு என்றால் அதை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள். காசு நெருக்கடியில் எதையாவது குறைத்தே தீர வேண்டும் என்றால், தினமும் எடுக்கும் படத்தை முதல் சில நாளும் பிறகு வாரத்துக்கு ஓரிரு தடவையும் என்று குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். ஓரத்தைக் கொஞ்சம் அகலமாக விட்டு அப்படிச் செய்யும் இடங்கள் இருக்கின்றன. உள்ளே வைக்கும் கரண்டையே தவிர்ப்பதோ, அதைத் தள்ளிப்போடுவதோ மட்டும் கூடாது. மொத்தச் சிகிச்சையும் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும்.

மற்றப் புற்றுநோய்களில் கதை வேறு மாதிரி. நுரையீரலில் கட்டி மூச்சோடு மேலும் கீழும் ஆடும், ஆகவே மூச்சின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு படம். இடது மார்பகம் என்றால் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, இதயம் விலகி நிற்கும் அந்த நொடிகளில் கதிர். மூளைக்கு எம்.ஆர்.ஐ. இல்லாமல் வேலையே ஓடாது.

'எம்.ஆர்.ஐ.யும் லீனாக்கும் ஒரே மெஷினில் இருக்கிறதாமே, அங்கே போக வேண்டுமா?' என்று இன்னொருவர் என்னிடம் கேட்டிருந்தார். உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். நெதர்லாந்தின் உத்ரெக்ட்டில் வளர்ந்த அந்த வகை மெஷினில் 2017இல் முதல் நோயாளிகளுக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். 1.5 டெஸ்லா வலிமையுள்ள காந்தத்தைச் சுற்றி லீனாக்கைச் சுழல வைத்தது பொறியியல் சாதனைதான், சந்தேகமில்லை. பலனும் உண்டு. புராஸ்டேட் புற்றுநோயில் 156 ஆண்களிடம் செய்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், எம்.ஆர்.ஐ. பார்த்துக் கதிர் வைத்ததால் ஓரத்தை 4 மி.மீ.யிலிருந்து 2 மி.மீ.க்குக் குறைக்க முடிந்தது. உடனடிச் சிறுநீர்த் தொந்தரவு 43.4 சதவீதத்திலிருந்து 24.4 சதவீதத்துக்கு இறங்கியது. ஆனால் உங்கள் அம்மாவுக்காகக் கடன் வாங்கி அதைத் தேடிப்போக வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. நல்ல உள் கரண்டு கொடுக்கும், படம் பார்த்துக் கோடு போடும் டாக்டர் பக்கத்திலேயே இருந்தால் அதுவே மேல். படமெடுக்கும் கைகள் இல்லாத பழைய கோபால்ட் மெஷினில்கூட, உள் கரண்டு ஒழுங்காகக் கொடுத்து நோயை அடக்கிய இடங்கள் நம் நாட்டில் நிறைய.

சிகிச்சை முடிந்ததும் இன்னொரு ஸ்கேன் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் 3 மாதம் கழித்து எம்.ஆர்.ஐ. அல்லது பெட் சி.டி. 'முடிந்த அடுத்த வாரமே எடுத்துப் பார்த்துவிடலாமே' என்று அவசரப்படாதீர்கள். கதிர் பட்ட இடம் புண்ணாகி ஆறும்போது அந்த அழற்சியும் சர்க்கரையை விழுங்கும். பெட்டில் நோய் மாதிரியே ஒளிரும். அதைப் பார்த்துக் குடும்பமே அழுத கதைகள் எனக்குத் தெரியும்.

கடைசியாக, பிளானிங் சி.டி. அன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்பது. முன்பு எடுத்த எம்.ஆர்.ஐ., பெட் சி.டி. இரண்டின் ஃபிலிம் மட்டும் போதாது. டிஸ்க்கையும் கேட்டு வாங்கிக் கொண்டு போங்கள். டிஸ்க் இருந்தால்தான் கம்ப்யூட்டரில் பொருத்த முடியும். இல்லாவிட்டால் நீங்கள் பயந்தபடியே அந்த ஸ்கேனையும் மறுபடி எடுக்கச் சொல்ல நேரும். மலச்சிக்கல் இருந்தால் இரண்டு நாள் முன்பே டாக்டரிடம் சொல்லி மருந்து வாங்கிக்கொள்ளுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு எத்தனை டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும், எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று அங்கே சொல்வார்கள். அதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு 25 நாளும் அதே அளவு, அதே நேரம். அம்மாவால் அவ்வளவு நேரம் அடக்க முடியாது என்றால் முதல் நாளே கூச்சப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். அவருக்கு முடிகிற அளவில் படம் எடுத்துக்கொள்வார்கள். குளிக்கும்போது உடம்பில் போட்ட குறிகளைத் தேய்க்க வேண்டாம். மை மங்கினால் டெக்னீஷியனிடம் காட்டுங்கள், நீங்களே பேனாவால் வரைந்துவிடாதீர்கள். ஒருவர் அப்படிச் செய்துகொண்டு வந்து, அன்றைக்கு நாங்கள் திரும்ப ஒரு சி.டி. எடுக்க வேண்டியதாயிற்று.